ராஜ அலங்காரத்தைப் படம் எடுத்த நாள்

அடுத்த வாரத்திலிருந்து இந்த ஸ்டூடியோ அறையின் சாவி உங்கள் இருவரிடமும் இருக்கும். எனக்கு இது இரண்டாவது பிரசவம். எப்போது திரும்புவாய் என்று கேட்டால் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. அதனால் போவதற்கு முன் எதையாவது எழுதி வைத்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தேன். எந்தப் படத்துக்கு எந்த லென்ஸ், விளக்கை எந்தக் கோணத்தில் வைப்பது, கலர் சார்ட்டை எங்கே நிறுத்துவது, இதெல்லாம் நீங்கள் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். என்னைவிட வேகமாகவே செய்கிறீர்கள். அதை எழுதினால் உங்களுக்குக் கொட்டாவிதான் வரும்.

செய்ய வேண்டியதையெல்லாம் சரியாகச் செய்த பிறகும் படம் தப்பாக வந்த ஒரு நாளைப் பற்றித்தான் எழுத நினைத்தேன்.

என்னை உங்களுக்குத் தெரியும். கேஸை மூடினேனா என்று பாதி வழியில் ஆட்டோவைத் திருப்பச் சொன்னவள். குழந்தைக்கு ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டராகப் போட்டுவிட்டு, பிறகு வியர்க்குமோ என்று ஒன்றைக் கழற்றி, திரும்பவும் போடுகிறவள். ஓவியங்களையும் பழைய படங்களையும் நகல் எடுக்கும் நம் வேலைக்கு இந்தக் குணம் ஒருவகையில் நல்லது. ஓவியர் தன் வேலையை முடித்துவிட்டார். நாம் அதற்குக் குறுக்கே நிற்காமல் இருந்தால் போதும். நான்கு மூலையும் கூர்மையா, ஓரம் வளையாமல் இருக்கிறதா, வெளிச்சம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பவர்தான் இந்த வேலைக்கு வேண்டும். ஆனால் பார்த்துக்கொண்டே இருப்பதும் முடிவு எடுப்பதும் வேறு வேறு. அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது பழநி முருகனின் படம் ஒன்று.

மூத்தவள் தவழ ஆரம்பித்திருந்தாள். அவளைப் பக்கத்திலேயே அட்டுவம்பட்டியில் மாமியாரிடம் விட்டுவிட்டு நான் மறுபடி வேலைக்கு வந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. ஸ்டூடியோவை நடத்தும் மேடம் ஒரு கல்யாணத்துக்காக மதுரைக்குப் போயிருந்தார். ஸ்டூடியோவில் நான் மட்டும்.

காலையில் ஒரு வேன் வந்து நின்றது. வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் கம்பளியில் சுற்றிய பெரிய சட்டம் ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினார். பின்னாலேயே ஒரு பெண், சட்டத்தின் அடியில் இரண்டு கையையும் கொடுத்துக்கொண்டு.

"அண்ணே, மெதுவா. சாமியச் சாய்க்காதீங்க."

"ஏத்தா, பழநியிலருந்து இதையேதான் சொல்லிட்டு வர்ற. நான் என்ன வாழைத்தாரா தூக்கிட்டு வர்றேன்?"

"வாழைத்தாரா இருந்தா நான் ஏன் கூட வர்றேன்?"

சண்முகவேல், கோமதி. அண்ணன், தங்கை. பழநி அடிவாரத்தில் தலைமுறையாகக் கோயிலுக்குப் பூக்கட்டிக் கொடுக்கும் குடும்பம். அப்பா காலமான பிறகு அந்தப் பழைய வீட்டை மூடுகிறார்கள். பூஜை அறையில் இருந்த ராஜ அலங்கார முருகன் படம், பூக்கைங்கரியம் செய்கிற மூத்த மகனுக்குத்தான் போக வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். ஆனால் அப்பா படுத்திருந்த காலம் முழுவதும் அந்தப் படத்துக்கு விளக்கு வைத்தது கோமதி அக்கா. இப்போது கணவரோடு இங்கே கொடைக்கானலுக்கே குடிவந்துவிட்டார். அவருக்கும் அந்தப் படம் வேண்டும்.

படத்தை இறக்கி வைத்ததும் அக்கா என்னிடம் நேராகவே சொன்னார்.

"தங்கச்சி, ஒளிக்காமச் சொல்றேன். அண்ணன் அசல வச்சிக்கிட்டு எனக்கு அதே அளவுல ஒரு பிரிண்ட் போட்டுத் தாரேன்னு சொல்லுது. நானும் சரின்னுட்டேன். ஆனா அந்தப் பிரிண்டப் பாத்ததும் எனக்குக் கை தானாக் கும்பிடணும். கும்பிடலன்னா அசல் எங்கிட்ட வந்துரணும். இதான் பேச்சு."

சண்முகவேல் அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா கை கழுவப் போன நேரத்தில் மெதுவாகச் சொன்னார்: "அவ சொன்னபடி வாங்கிட்டுப் போயிருவா. நானும் குடுத்துருவேன். ஆனா மறுநாள் நான் எதுக்கு முன்னாடி நின்னு பூக்கட்ட ஆரம்பிப்பேன்? அதுக்கப்புறம் அவ வீட்டுப் பக்கம் என்னால போக முடியாதும்மா. எங்களுக்குன்னு இருக்கிறது நாங்க ரெண்டு பேருதான்."

நான் கம்பளியைப் பிரித்தேன்.

பழைய காலத்துக் கண்ணாடி. கையால் செய்தது போல லேசாக அலையடித்திருந்தது. உள்ளே முருகன். கிரீடம், மார்புக் கவசம், வேல், எல்லாம் மேடாக எழுப்பி அதன்மேல் மெல்லிய தங்கத் தாளான ரேக்கு ஒட்டியது. இது ஒன்றும் பிரச்சினை இல்லை. பிரச்சினை இரண்டு. முதலாவது, கண்ணாடியின் மேல் நெற்றிக்கு நேராகவும் மார்புக்கு நேராகவும் பாதத்துக்கு நேராகவும் ஈரம் காயாத சந்தனம், நடுவில் குங்குமம். சாமி வெளியூர் போகிறதே என்று காலையில் குளித்துவிட்டுப் புதிதாக வைத்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். படம் எடுக்கப் போகிறோம் என்பதற்காகவே இன்னும் கொஞ்சம் பெரிதாக.

இரண்டாவது, கண்ணாடிக்கு உள்பக்கம் முழுக்க ஆவி. பழநிச் சூட்டில் உள்ளே அடைபட்டிருந்த காற்று, மலை ஏறியதும் குளிரில் நீராகிக் கண்ணாடியில் படிந்திருந்தது. முருகனின் முகமே தெரியவில்லை.

"அடடா, மூஞ்சியே மறஞ்சு கெடக்கு!" என்றார் அண்ணன். "பின்னாடி ஆணியப் புடுங்கிக் கண்ணாடியத் தொறந்து தொடச்சிருவோமா? வெரசா முடிஞ்சிரும். எங்களுக்கு விளக்கு வைக்கிற நேரத்துக்குள்ள கீழ எறங்கணும். அந்தியில இவருக்கு விளக்கு இல்லாம ஒரு நாள்கூட இருந்ததில்ல."

அதுதான் சுலபமான வழி என்று எனக்கும் தோன்றியது. கண்ணாடி இல்லாமல் எடுத்தால் பாதித் தலைவலி போய்விடும். ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தும்விட்டேன். ஆனால் அதை ஆணியில் வைப்பதற்கு முன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துக் கண்ணாடியின் ஓரமாகப் பார்த்தேன். மயிலின் கழுத்துக்குப் பக்கத்தில் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு ஆவியே இல்லை. அந்த இடத்தில் வண்ணம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. கண்ணாடியைத் தூக்கினால் மயிலின் கழுத்தும் அதோடு வந்துவிடும்.

"அண்ணே, திறக்க வேண்டாம்."

"அப்ப ஒரு ஹேர் டிரையர வச்சு..."

"அதுவும் வேண்டாம். சூடு பட்டா ரேக்கு கிளம்பிடும். இது தானாக் காயணும்."

"எம்புட்டு நேரம் ஆகும்?"

தெரியவில்லை என்று உண்மையைச் சொன்னேன். சொல்லிவிட்டு வெளியே வந்து மேடத்துக்குப் போன் செய்தேன். பின்னால் நாதஸ்வரம் கேட்டது. முழுவதும் கேட்டுவிட்டு, "நீ பாக்குற, நான் பாக்கல. முடிவு உன்னோடதுதான்" என்றார். அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போது யோசித்தால், அவர் எதைச் சொல்லியிருந்தாலும் நான் அதன் பின்னால் ஒளிந்துகொண்டிருப்பேன் என்று தோன்றுகிறது. நீங்கள் எனக்குப் போன் செய்தால் நானும் பெரும்பாலும் அதையே சொல்வேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அறையை மூடி, ஹீட்டரைத் தூரத்து மூலையில் வைத்து, படத்தை நிமிர்த்தியே ஸ்டாண்டில் நிறுத்தினேன். வழக்கமாக இந்த மாதிரி படத்தை மேசையில் படுக்கவைத்து மேலிருந்துதான் எடுப்போம். "சாமியப் படுக்கப் போடாதீங்க" என்று அக்கா சொன்னதும் கேமராவை எதிரில் கொண்டுவந்தேன். படத்தின் நடுவில் ஒரு சிறிய கண்ணாடித் துண்டைப் பிடித்து, அதில் லென்ஸின் வட்டம் சரியாக நடுவில் தெரியும்வரை கேமராவை நகர்த்திக்கொண்டே இருந்தேன். நூறு மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸ். ஓரம் துளியும் வளையாது. அதற்குள் அவர்கள் இருவரும் டீ வாங்கிக் குடித்து, அப்பாவின் சைக்கிள் யாரிடம் இருக்கிறது என்று ஒரு சண்டை போட்டு, சமாதானமும் ஆகியிருந்தார்கள்.

ஆவி கலைய மதியத்துக்கு மேல் ஆகிவிட்டது. முதலில் கிரீடத்தின் நுனி, பிறகு நெற்றி, பிறகு கண்கள். மூன்று பேரும் நின்று பார்த்தோம்.

அடுத்தது சந்தனம். நான் ஞாயிறுதோறும் மாதா கோயிலுக்குப் போகிறவள். அதைத் துடைக்க எனக்குக் கை வரவில்லை. தொடலாமா என்று கேட்கவும் தயக்கம், கேட்காமல் இருக்கவும் தயக்கம். கடைசியில், "அக்கா, இது இருந்தா பிரிண்ட்லயும் இதே சந்தனம் விழுந்துடும். என்னைக்கும் எடுக்க முடியாது" என்றேன்.

"அதுக்கென்ன, என்னைக்கும் இருந்துட்டுப் போகட்டுமே" என்றார் அண்ணன்.

அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார். "வாடுன பூவ மறுநாள் எடுக்கிறதில்லையா? நாளைக்கு நான் வைக்கிற சந்தனம் எங்க போகும்? பழசு மேலயா வைப்பேன்?" என்று சொல்லிவிட்டு, "வச்ச கைதான் எடுக்கணும்" என்று தானே ஈரத்துணியால் ஒற்றி எடுத்தார். எடுத்ததைக் கீழே போடாமல் தன் நெற்றியிலும் அண்ணன் நெற்றியிலும் இட்டார்.

இப்போது என் முறை. அலையடித்த கண்ணாடி எங்கு பார்த்தாலும் கோடுகோடாக மினுங்கியது. ஆகவே நான் எது பத்திரமோ அதைச் செய்தேன். இரண்டு பக்கமும் ஒரே தூரத்தில் விளக்கு, விளக்கின் முன் மினுக்கத்தை வடிகட்டும் போலரைசர் தாள், லென்ஸில் குறுக்காக இன்னொரு போலரைசர், கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி. மினுக்கம் அத்தனையும் போனது. கண்ணாடி இருக்கிறதா என்றே தெரியவில்லை. மயிலின் நீலம், பட்டின் சிவப்பு, ஒவ்வொரு தூரிகைக் கோடும் தெளிவாக வந்தது. நான்கு மூலையும் பார்த்தேன். இரண்டாம் முறையும் பார்த்தேன். மானிட்டரை அவர்கள் பக்கம் திருப்பியபோது எனக்குள் கொஞ்சம் பெருமை.

அக்கா வெகுநேரம் பார்த்தார். கைகள் புடவைத் தலைப்பைப் பிடித்தபடியே இருந்தன.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றார். "ஆனா இது எங்க முருகன் இல்ல."

"ஏத்தா, என்ன சொல்ற? அச்சு அசலா இருக்கே!"

"எங்கண்ணே இருக்கு? கிரீடத்தப் பாருங்க, மரக்கட்ட மாதிரி. ராஜாவா இருந்தவர ஆண்டியாக்கிட்டீங்களேம்மா."

அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. ஏனென்றால் அவர் சொன்னது உண்மை. மினுக்கத்தைக் கொல்லும் போலரைசர் எது தேவையற்ற மினுக்கம், எது தங்கம் என்று பார்ப்பதில்லை. எல்லாவற்றையும் கொன்றுவிடுகிறது. கிரீடம் பழுப்பாக, உயிரில்லாமல் இருந்தது. நானும் அதைக் கவனித்திருந்தேன். பிழை ஒன்றும் இல்லையே என்று விட்டுவிட்டேன்.

போலரைசரைக் கொஞ்சம் திருப்பிப் பார்த்தேன். தங்கம் சற்றே வந்தது, கண்ணாடிக் கோடுகளும் கூடவே வந்தன. விளக்கைத் தள்ளினேன், உயர்த்தினேன். கிரீடம் மஞ்சளானது. அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் அக்கா தலையை மட்டும் ஆட்டினார். வெளியே மேகம் இறங்கி ஜன்னல் வெள்ளையாகிவிட்டது. ஐந்தரை மணிக்கே இருட்டியது போல இருந்தது.

"இனிமே கெளம்புனாலும் பெருமாள்மலை தாண்டும்போதே அந்தியாயிரும்" என்றார் அண்ணன். குரலில் சிரிப்பு இல்லை. "ஆத்தா, நீயே எடுத்துக்க. நான் சொன்ன சொல்லு மாற மாட்டேன்."

அக்காவின் முகம் வென்றவர் முகமாக இல்லை. "முதல்ல வெளக்கப் போடுவோம். மத்ததப் பொறவு பேசுவோம்" என்றார். பையிலிருந்து சிறிய பித்தளை விளக்கு, எண்ணெய், திரி எல்லாம் வந்தன. எங்கே அந்தியானாலும் அங்கேயே ஏற்ற வேண்டியதுதான் என்று தயாராகத்தான் வந்திருக்கிறார்.

எனக்கு ஆயிரம் பயம். எண்ணெய்ப் புகை, கறுப்புத் துணி, தீ. "அக்கா, கொஞ்சம் தள்ளி, இந்த எவர்சில்வர் தட்டுல" என்று தரையில் இடம் காட்டி, துணியைச் சுருட்டி, ஸ்டூடியோ விளக்குகளை அணைத்தேன். அவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து ஏற்றினார். அண்ணனும் பக்கத்தில் உட்கார்ந்தார். நின்றுகொண்டிருப்பது மரியாதையாகப் படாமல் நானும் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தபோதுதான் பார்த்தேன்.

சுடர் கீழேயிருந்து ஏறியது. மார்புக் கவசத்தின் அடி விளிம்பு பிடித்துக்கொண்டது, பிறகு ஆரம், பிறகு கிரீடத்தின் ஒவ்வொரு வளைவும். எழுப்பிய ரேக்கின் மேடுகளெல்லாம் கீழ்ப்பக்கமாக எரிந்தன. கண்ணாடியின் கோடுகள் எங்கேயோ காணாமல் போயிருந்தன. பகல் முழுவதும் நான் பார்த்த படம் இது இல்லை. அந்த வீட்டில் இத்தனை காலமும் எல்லோரும் பார்த்தது இதைத்தான். தரையில் உட்கார்ந்து, கீழே விளக்கை வைத்துக்கொண்டு.

அக்காவின் கைகள் குவிந்திருந்தன.

படத்துக்கு வெளிச்சம் கீழேயிருந்து வரக் கூடாது என்பது நம் தொழிலில் முதல் பாடம். நிழல் மேல்நோக்கி விழும், மேடு பள்ளமாகத் தெரியும். எனக்கும் அதுதான் ஞாபகம் வந்தது. தப்பாகிவிடுமோ என்ற எண்ணம் போகவே இல்லை. ஆனால் எதிரில் குவிந்திருந்த இரண்டு கைகளைப் பார்த்தேன். செய்து பார்த்துவிடுவது என்று எழுந்தேன்.

"அக்கா, விளக்கு அங்கேயே இருக்கட்டும். யாரும் ஸ்டாண்டத் தொடாதீங்க. கேமரா ஒரு நூலிழகூட நகரக் கூடாது."

முதலில் பழைய வெளிச்சத்தில், போலரைசரோடு மறுபடி ஒரு படம். வண்ணங்களுக்காக. அடுத்தது தங்கத்துக்காக மட்டும். சுடரை நம்பி எடுக்க முடியாது; அது ஆடும், போதாது. சுடருக்குப் பக்கத்தில், அதே உயரத்தில் ஒரு சிறிய எல்.இ.டி. விளக்கை வெண்ணெய்த் தாளால் சுற்றித் தரையில் வைத்தேன். பக்க விளக்குகளை அணைத்தேன். லென்ஸின் போலரைசர் குறுக்கே நின்றபடி நின்றது; தாள் இல்லாத இந்த விளக்கின் மினுக்கம் அதைத் தாண்டி வரும். நேரம் கூட்டி எடுக்க வேண்டியிருந்தது. ஷட்டர் திறந்திருந்தபோது ஜன்னல் திண்டில் வைத்திருந்த என் போன் அதிர ஆரம்பித்தது. மாமியார். குழந்தைக்கு என்ன ஆயிற்றோ. ஒரு அடி எடுத்து வைத்தால் தரைப் பலகை அசையும். அசையாமல் நின்றேன். அண்ணனும் அக்காவும் மூச்சுவிடாமல் என்னையே பார்த்தார்கள். ஷட்டர் மூடிய சத்தம் கேட்டதும்தான் ஓடினேன்.

"என்னாச்சு அத்தை?"

"ஒண்ணும் ஆகலம்மா. நாற்காலியப் புடிச்சிட்டு நிக்கிறா! நீ பாக்கணுமேன்னு கூப்பிட்டேன்."

சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியாது. அக்கா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "முருகன் முன்னாடி வந்த சேதி, நல்லா நடப்பா" என்றார்.

இரண்டு படங்களையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, இரண்டாவதிலிருந்து தங்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். வண்ணம் முதல் படத்தினுடையது. அன்று அவர்களுக்கு அதைக் காட்டவில்லை. திரையில் காட்டினால் திரைதான் ஒளிரும், தங்கம் இல்லை. "பிரிண்ட்லதான் தெரியும். அதுவரைக்கும் ரெண்டு பேரும் ஒண்ணும் முடிவு பண்ணாதீங்க" என்றேன். அவ்வளவு உறுதியாக நான் யாரிடமும் பேசியதில்லை. சொல்லிவிட்டு உள்ளே போய்த் தண்ணீர் குடித்தேன்.

பிரிண்ட் வந்த பிறகு அதே அளவுச் சட்டத்தில் போட்டு, அட்டுவம்பட்டியிலேயே இருக்கும் அக்காவின் வீட்டுக்கு நானே கொண்டுபோனேன். கண்ணாடி போடவில்லை. பருத்திக் காகிதத்தின் மேல்பரப்பு நன்றாகத் தெரியட்டும் என்று நினைத்தேன். குழந்தை என் இடுப்பில். அண்ணன் பழநியிலிருந்து அசலை மறுபடி கொண்டுவந்திருந்தார். இந்த முறை அவரே போர்வையெல்லாம் சுற்றி, வேனின் கண்ணாடிகளை இறக்கிவிட்டு, குளிரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டி ஏற்றி வந்திருந்தார். ஆவி துளிகூட இல்லை. அதை அவரே நாலு தடவை சொன்னார்.

சுவரோரமாக இரண்டு மணைகளில் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினோம். அக்கா கதவைச் சாத்தி, நடுவில் விளக்கை ஏற்றி, தரையில் உட்கார்ந்தார். நான் பின்னால் நின்று பிரிண்டின் ஓரங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பு கொஞ்சம் தூக்கலோ, கிரீடம் கொஞ்சம் அதிகமோ, கண்ணாடி போட்டிருக்க வேண்டுமோ என்று மனம் ஓடிக்கொண்டே இருந்தது. அண்ணன் தங்கையின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா கும்பிடவில்லை.

பக்கத்திலிருந்த கிண்ணத்தில் சந்தனத்தைக் குழைத்தார். நன்றாக, கெட்டியாக. மோதிர விரலால் எடுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் பிரிண்டின் மேல், முருகனின் நெற்றியில், வெறும் காகிதத்தில் அழுத்தி வைத்தார். அதன் நடுவில் குங்குமம். பிறகு மார்பில். பிறகு பாதத்தில். ஈரம் காகிதத்துக்குள் இறங்குவதை என் கண்ணால் பார்த்தேன். இனி எந்தக் கையாலும் அதை எடுக்க முடியாது. பிறகுதான் அவர் கைகூப்பினார்.

அண்ணன் மெதுவாக, கேட்கப் பயந்த குரலில், "ஆத்தா, அப்ப ஒரிஜினல நான் எடுத்துட்டுப் போகட்டுமா?" என்றார்.

அக்கா திரும்பினார். இரண்டு படத்தையும் பார்த்தார். அவரையும் பார்த்தார்.

"எதுண்ணே ஒரிஜினல்?"

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். அக்காவும் சிரித்தார். ஏன் என்று தெரியாமல் என் இடுப்பில் இருந்தவளும் சிரித்தாள். அவள் நெற்றியில் மீதிச் சந்தனத்தை இட்டுவிட்டு அக்கா எழுந்தார்.

"வெரசாக் கெளம்புங்க அண்ணே. அந்திக்குள்ள கீழ எறங்கணுமில்ல, உங்க முருகனுக்கு வெளக்கு வைக்க."

இதுதான் நான் சொல்ல நினைத்தது. இப்போது நான் எந்தப் படத்தையும் எடுப்பதற்கு முன்னால், அதைக் கொண்டுவந்தவர்களிடம் அது வீட்டில் எங்கே இருந்தது, எங்கே நின்று அல்லது உட்கார்ந்து பார்ப்பார்கள், எந்த வெளிச்சத்தில் என்று கேட்டுவிடுகிறேன். நீங்களும் கேளுங்கள். அப்புறம், சாமி படங்களுக்கு மட்டும் கண்ணாடி போட்டே கொடுங்கள். அக்காவின் பிரிண்டைப் போன வாரம் போய்ப் பார்த்தேன். சந்தனத்தின் மேல் சந்தனமாக, நெற்றி கொஞ்சம் மேடாகவே ஆகிவிட்டது. கிரீடம் அப்படியே எரிகிறது.